பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்காகக் கொள்கையை மாற்றுவது என்றால் என்ன?

கொடூரமான பாலியல் குற்றம் ஒன்று செய்தியாகும்போதெல்லாம் சில நாள்களுக்கு ஒரே வகையான பேச்சு எங்கும் கேட்கும். குற்றவாளியைத் தூக்கிலிட வேண்டும் என்பார்கள். சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும் என்பார்கள். ஊர்வலம் நடக்கும், கையெழுத்து திரட்டப்படும், பிறகு பேச்சு அடங்கிவிடும். இவை அனைத்தையும் சேர்த்துக் கொள்கை மாற்றத்துக்கான முயற்சி என்று பலர் குறிப்பிடுகிறார்கள். பாதிக்கப்பட்ட ஒருவருக்கு வழக்கறிஞர் ஏற்பாடு செய்து கொடுப்பதையும் சிலர் அதே பெயரால் அழைக்கிறார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் தேவை உண்டு என்றாலும், கொள்கையை மாற்றும் வேலை இவற்றிலிருந்து வேறானது. பெரும்பாலும் ஓசையின்றி நடப்பது. ஒரு படிவத்தில் உள்ள ஒரேயொரு கட்டத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வாதாட வேண்டியிருக்கும் அளவுக்குச் சலிப்பூட்டவும் கூடியது. அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்கும் முன் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நீதிமன்றங்களும் நாளிதழ்களும் "பாதிக்கப்பட்டவர்" என்று எழுதுகின்றன. அந்தச் சொல் ஒரு மனிதரை அவருக்கு நேர்ந்த கொடுமையோடு கட்டிப்போட்டுவிடுகிறது என்று இத்துறையில் பணியாற்றுவோர் பலர் கருதி, "மீண்டவர்" என்ற சொல்லை விரும்புகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் இன்னும் மீளாதவர்களும் உதவி கேட்கும் உரிமை உடையவர்களே என்பதால் இங்கே பழகிய சொல்லையே பயன்படுத்துகிறேன்.

## தந்தையின் பெயர் கேட்கும் படிவம்

தாயால் மட்டுமே வளர்க்கப்பட்ட ஒருவர் அலுவலகம் ஒன்றில் விண்ணப்பப் படிவத்தை நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். "தந்தையின் பெயர்" என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் விண்ணப்பத்தை ஏற்க முடியாது என்று எழுத்தர் மறுத்துவிடுகிறார். எழுத்தர் கெட்டவர் அல்லர். படிவம் அப்படி இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் விவரம் தெரிந்த ஒருவர் உடன் சென்று மேலதிகாரியிடம் பேசி அந்த ஒரு விண்ணப்பத்தை ஏற்க வைக்கலாம். அது நேரடி உதவி. இப்படிப் பலர் திருப்பி அனுப்பப்படுவதைக் கண்டு அலுவலகத்தின் முன் கூட்டமாக நின்று முழக்கமிடலாம். அது போராட்டம். இன்னொருவர் வேறு விதமாக யோசிக்கிறார்: இந்தப் படிவம் எந்த அரசாணையின்படி அச்சாகிறது, அதைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது, "தந்தை, தாய் அல்லது காப்பாளர்" என்று மாற்றினால் அந்தத் துறையின் வேறு எந்த விதியோடாவது முரண்படுமா என்று தேடிப் பார்த்து, திருத்தத்தை எழுதி எடுத்துச் சென்று, அது அச்சாகும்வரை விடாமல் பின்தொடர்கிறார். பின்னாளில் அந்த அலுவலகத்துக்கு வரும் ஆயிரக்கணக்கானோர் எந்தச் சிக்கலும் இன்றித் திரும்பிச் செல்வார்கள். அப்படி ஒரு சிக்கல் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

மூன்றாமவர் செய்ததுதான் கொள்கைப் பரிந்துரைப் பணி. தொண்டு நிறுவனங்களின் வழக்கில் இதை "அட்வகசி" என்பார்கள். இங்கே கொள்கை என்பது சட்டப்புத்தகத்தை மட்டும் குறிப்பதன்று. சட்டம், விதிமுறை, சுற்றறிக்கை, நிதி ஒதுக்கீடு, பயிற்சிப் பாடத்திட்டம், அலுவலகப் படிவம் என ஓர் அமைப்பு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதி வைக்கப்பட்ட எதுவும் கொள்கையே.

சுருங்கச் சொன்னால், நேரடி உதவி ஒருவரைக் காப்பாற்றுகிறது. போராட்டம் சிக்கலை ஊரறியச் செய்கிறது. கொள்கைப் பரிந்துரைப் பணி சிக்கலுக்குக் காரணமான எழுத்தைத் திருத்துகிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்துவிட முடியாது.

## அதே கட்டம், மருத்துவமனையில்

படிவம் பற்றிய எடுத்துக்காட்டு அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணை மருத்துவர் பரிசோதிக்கும்போதும் அவர் முன்னே ஒரு படிவம் இருக்கிறது. இந்தியாவில் நெடுங்காலம் அத்தகைய படிவங்கள் பலவற்றில், அந்தப் பெண் ஏற்கெனவே உடலுறவுக்குப் பழகியவரா என்று மருத்துவர் கருத்து எழுதுவதற்கான இடம் இருந்தது. அதற்காகச் செய்யப்பட்டதுதான் "இருவிரல் சோதனை". அறிவியல் அடிப்படை எதுவும் இல்லாத இந்தச் சோதனை, வன்முறை நடந்ததா என்ற கேள்விக்கு எந்த விடையும் தராது. ஆனால் அதன் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தப் பெண்ணின் ஒழுக்கத்தை நீதிமன்றத்தில் விசாரணைக்கு உட்படுத்த முடிந்தது.

இதை மருத்துவர்களின் கொடுமனம் என்று விளக்கிவிட முடியாது. பாடநூலில் அவர்கள் படித்தது அது. படிவம் கேட்டதும் அது. எனவே ஒரு மருத்துவரைக் கண்டித்துப் பயனில்லை, எழுத்தைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. மருத்துவர்களும் பெண்ணுரிமை அமைப்புகளும் வழக்கறிஞர்களும் இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். மனித உரிமைக் கண்காணிப்பகம் 2010இல் இச்சோதனை பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. 2013இல் உச்ச நீதிமன்றம் இச்சோதனை பெண்ணின் அந்தரங்க உரிமையையும் கண்ணியத்தையும் மீறுவது என்று தீர்ப்பளித்தது. 2014இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இச்சோதனையை விலக்கியதோடு, நாடு முழுவதும் பயன்படுத்தத்தக்க புதிய படிவம் ஒன்றையும் தந்தன. பாதிக்கப்பட்டவரின் ஒப்புதல் இன்றிப் பரிசோதனை செய்யக்கூடாது என்பதும், காவல் துறையிடம் புகார் அளிக்க விரும்பாதவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக்கூடாது என்பதும் அதில் எழுத்தில் வந்தன.

இரண்டாவதாகச் சொன்னது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது மருத்துவம் அறியாதவர்களுக்கு உடனே புலப்படாது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரை அதிகபட்சம் ஐந்து நாள்களுக்குள், எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில், எடுக்கப்பட வேண்டும். "முதலில் காவல் நிலையத்துக்குச் சென்று காகிதம் வாங்கி வாருங்கள்" என்று ஒரு மருத்துவமனை சொல்லுமானால், அந்த ஒரு வாக்கியம் இந்தக் காலக்கெடுவைத் தின்றுவிடும்.

## கடும் தண்டனை வேறு, ஆதரவு வேறு

பரவலான தவறான புரிதல்களில் முதன்மையானது, தண்டனையைக் கூட்டுவதே பாதிக்கப்பட்டவர்களுக்கான கொள்கை என்பது. தண்டனை வழக்கின் இறுதியில் வருவது. அந்த இறுதிவரை ஒருவர் போய்ச் சேர வேண்டுமானால் இடையில் பல வாசல்களைக் கடந்தாக வேண்டும்: யாரிடமாவது சொல்ல வேண்டும், அவர் நம்ப வேண்டும், மருத்துவமனை ஏற்க வேண்டும், காவல் நிலையம் புகாரைப் பதிய வேண்டும், தடயங்கள் சோதிக்கப்பட வேண்டும், சாட்சி சொல்லும்வரை அச்சுறுத்தலின்றி வாழ வேண்டும், இத்தனைக்கும் நடுவே வேலையையும் படிப்பையும் இழக்காதிருக்க வேண்டும். பெரும்பாலானோர் முதல் வாசலிலோ இரண்டாவதிலோ திரும்பிவிடுகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை கடைசி வாசலில் என்ன தண்டனை எழுதியிருக்கிறது என்பது எதையும் மாற்றாது.

2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் மாணவி ஒருவருக்கு நேர்ந்த கூட்டு வன்புணர்வுக் கொடுமைக்குப் பின் முன்னாள் தலைமை நீதிபதி ஜெ. எஸ். வர்மா தலைமையில் அமைக்கப்பட்ட மூவர் குழு இதை நன்கு உணர்ந்திருந்தது. ஏறத்தாழ 80,000 ஆலோசனைகளைப் பெற்று, 29 நாள்களில் அறிக்கை அளித்த அக்குழு மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை. ஆயினும் 2013ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் சில சூழல்களுக்கு மரண தண்டனை சேர்க்கப்பட்டது. தலைப்புச் செய்திகளும் அதைப் பற்றியே பேசின. அதே சட்டத்தில் யாரும் அதிகம் கவனிக்காத இரு பிரிவுகள் இருந்தன. பாலியல் வன்முறை குறித்த புகாரைப் பதிய மறுக்கும் காவல் அதிகாரிக்குச் சிறைத் தண்டனை உண்டு என்றது ஒன்று. அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவமனைகளும் உடனடியாக, கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்றது மற்றொன்று. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களிலும் இவை தொடர்கின்றன. என் பார்வையில் அந்தத் திருத்தத்தின் உண்மையான ஆதாயம் இந்த இரு பிரிவுகளே.

கடும் தண்டனை சில நேரங்களில் எதிர்விளைவைத் தருவதும் உண்டு. இந்தியாவின் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரங்களின்படி, பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர். அவர் உறவினராகவும், குடும்பத்துக்குச் சோறு போடுபவராகவும்கூட இருக்கலாம். புகார் கொடுத்தால் அவர் தூக்குமேடைக்குப் போவார் என்ற நிலையில், குடும்பம் முழுவதும் அந்தப் பெண்ணின் வாயை அடைக்கவே முயலும்.

ஆக, பாதிக்கப்பட்டவருக்கான கொள்கை என்று யாராவது பேசும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இது எந்த வாசலைத் திறக்கிறது?

## வேலை எப்படி நடக்கிறது

முதலில், துன்பத்துக்குக் காரணமான விதியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். "அமைப்பு சரியில்லை" என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் அதை வைத்து யாரும் எதையும் திருத்த முடியாது. அமெரிக்காவின் அமண்டா நிகுயென் அனுபவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2013இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மாணவியாக இருந்தபோது பாலியல் வன்முறைக்கு உள்ளான அவர், மருத்துவமனையில் தடயங்களைப் பதிவு செய்தார். அப்படி எடுக்கப்படும் மாதிரிகள் வைக்கப்படும் பெட்டிக்குத் தடயச் சேகரிப்புப் பெட்டி என்று பெயர். அந்த மாநிலத்தில் வழக்குத் தொடர 15 ஆண்டுகள் அவகாசம் இருந்தது. ஆனால் காவல் துறையிடம் புகார் அளிக்காதவர்களின் பெட்டி ஆறு மாதங்களில் அழிக்கப்படலாம், அதைத் தடுக்க ஒவ்வோர் ஆறு மாதமும் நீட்டிப்புக் கோர வேண்டும் என்று விதி இருந்தது. மறக்க முயலும் ஒன்றை ஆண்டுக்கு இருமுறை தாமே நினைவூட்டி விண்ணப்பிக்க வேண்டிய நிலை அது.

நிகுயென் இந்த ஆறு மாத விதியைக் குறிவைத்தார். 2014இல் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். 2016 அக்டோபரில் நடுவண் சட்டம் ஒன்று கையெழுத்தானது. பெட்டியைக் கட்டணமின்றிப் பாதுகாக்க வேண்டும், வழக்குத் தொடரும் அவகாசம் முடியும்வரையோ 20 ஆண்டுகள்வரையோ, எது குறைவோ அதுவரை வைத்திருக்க வேண்டும், கோருபவருக்கு அழிப்பதற்கு 60 நாள்களுக்கு முன் எழுத்துவழி அறிவிப்பு தர வேண்டும் என்பவை அதன் சாரம். ஆனால் அமெரிக்காவில் பெரும்பாலான குற்ற வழக்குகள் மாநிலச் சட்டங்களின்கீழ் வருபவை. ஆகவே நடுவண் சட்டம் வந்த பிறகும் அவ்வமைப்பு மாநிலம் மாநிலமாகச் சென்று தனித்தனிச் சட்டங்களைக் கோர வேண்டியிருந்தது. விதியைக் கண்டுபிடிப்பதோடு, அதை மாற்றும் பேனா யாரிடம் இருக்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த விவரத்தைச் சொல்கிறேன். அமைச்சரிடம் கேட்க வேண்டியதை நீதிமன்றத்திலும், சுகாதாரத் துறையிடம் கேட்க வேண்டியதைக் காவல் துறையிடமும் கேட்டுக்கொண்டே பல இயக்கங்கள் களைத்துப் போயிருக்கின்றன.

அடுத்தது தருணம். சாதாரண நாள்களில் அசையாத அரசு, மக்களின் கோபம் உச்சத்தில் இருக்கும்போது சில வாரங்கள் மட்டும் அசையும். அந்த வாரங்களில் எழுத உட்கார்ந்தால் நேரம் போதாது. வரைவு முன்பே கையில் இருக்க வேண்டும். 1972இல் மகாராஷ்டிரத்தின் காவல் நிலையம் ஒன்றில் பழங்குடிப் பெண் ஒருவர் வன்புணர்வுக்கு உள்ளான வழக்கில், உடலில் காயங்கள் இல்லை, எனவே இசைவு இருந்திருக்கிறது என்ற தருக்கத்தில் 1978இல் உச்ச நீதிமன்றம் இரு காவலர்களையும் விடுவித்தது. மறு ஆண்டு உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய சட்ட ஆசிரியர்கள் நால்வர் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அடங்கிப் போவதும் இசைவதும் ஒன்றல்ல என்பதே அதன் மையமான வாதம். மடல் பரவியது, பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கின, 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடந்த வன்புணர்வில், உடலுறவு நிரூபிக்கப்பட்டு, தாம் இசையவில்லை என்று அந்தப் பெண் சொன்னால், இசைவில்லை என்றே நீதிமன்றம் கருத வேண்டும் என்றாயிற்று. அவருடைய அடையாளத்தை வெளியிடுவதும் குற்றமாயிற்று. விடுதலைத் தீர்ப்பு மட்டும் அப்படியே நின்றது. கொள்கை மாற்றம் பெரும்பாலும் அடுத்தவருக்கே பயன்படுகிறது. அதற்குக் காரணமானவருக்கு எதுவும் கிடைக்காமல் போவது இப்பணியின் கசப்பான இயல்பு.

போராட்டமும் வரைவும் கைகோத்து நடந்ததற்கு லெபனான் சான்று. வன்புணர்வு செய்தவன் பாதிக்கப்பட்ட பெண்ணையே மணந்துகொண்டால் தண்டனையிலிருந்து தப்பலாம் என்று அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 522ஆம் பிரிவு கூறியது. அபாத் என்ற அமைப்பு 2017 ஏப்ரலில் பெய்ரூத் கடற்கரையில், மாதத்தின் நாளுக்கு ஒன்றாக, 31 மண உடைகளைத் தூக்குக் கயிற்றில் தொங்குவதுபோல் தொங்கவிட்டது. உலகம் கண்டது அந்தக் காட்சியை. ஆனால் "522ஐ நீக்குக" என்று பிரிவின் எண்ணையே கோரிக்கையாக்கி, நாடாளுமன்றக் குழுவோடு பேசும் வேலையும் உடன் நடந்துகொண்டிருந்தது. 2017 ஆகஸ்டில் அப்பிரிவு நீக்கப்பட்டது. அதே கோடையில் துனிசியாவும் ஜோர்டானும் இத்தகைய பிரிவுகளை நீக்கின.

எந்த விதி, யாருடைய அதிகாரம், எந்தத் தருணம் என்ற மூன்றும் தெரிந்தவரின் கையில் ஒரு சாதாரண வரைவுகூட வலிமை பெறுகிறது என்பதை இந்த மூன்று வரலாறுகளும் காட்டுகின்றன.

## நல்ல நோக்கமும் தவறான வாசகமும்

ஸ்பெயின் 2022இல் இசைவை மையமாக வைத்துச் சட்டம் இயற்றியது. தெளிவாக வெளிப்படுத்தப்படாத இசைவு இசைவாகாது என்ற நோக்கம் பரவலாகப் பாராட்டப்பட்டது. ஆனால் அதுவரை தனித்தனியாக இருந்த இரு குற்றங்களை ஒன்றாக இணைத்தபோது தண்டனைகளின் கீழ்வரம்பு சில இடங்களில் குறைந்துவிட்டது. புதிய சட்டம் குற்றவாளிக்குச் சாதகமாக இருந்தால் அது பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்பது அங்குள்ள நெறி. விளைவாக, ஏற்கெனவே சிறையில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் தண்டனை குறைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் சட்டத்தை மீண்டும் திருத்த வேண்டியதாயிற்று.

வாசகத்தில் பிழையே இல்லாதபோதும் இரு நல்ல விதிகள் ஒன்றோடொன்று மோதலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் இந்தியாவின் 2012ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய குற்றம் பற்றி அறிந்த எவரும் அதை அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மறைக்கப்படும் கொடுமைகளை வெளிக்கொணர அது தேவையானது. ஆனால் கருவுற்ற சிறுமி ஒருத்தி மருத்துவரிடம் போனாலே வழக்குப் பதிவாகும் என்றால், அவளும் பெற்றோரும் தகுதியற்றவரிடம் கருக்கலைப்புக்குப் போகக்கூடும். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு நடுவழியைக் காட்டியது: சிறுமியும் காப்பாளரும் கோரினால், மருத்துவர் தகவல் தெரிவிக்கும்போது அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை. இத்தகைய மோதல்களை முன்கூட்டியே காண்பவர்கள் பெரும்பாலும் அந்த வாசல்களைக் கடந்து வந்தவர்களே. அதனால்தான் வரைவு எழுதும் மேசையில் அவர்களுக்கு இடம் வேண்டும் என்கிறோம்.

அந்த இடத்துக்கு விலையாக அவர்களுடைய கதையைக் கேட்கக்கூடாது. மேடையில் ஏறித் தமக்கு நேர்ந்ததைச் சொல்லி அழுதால்தான் குரல் எடுபடும் என்ற நிலையை ஆதரவு அமைப்புகளே சில நேரங்களில் உருவாக்கிவிடுகின்றன. படிவத்தில் என்ன மாற வேண்டும் என்று ஒருவர் பெயர் சொல்லாமலேயே எழுதித் தரலாம், மூடிய அறையில் ஆலோசனை கூறலாம், பாதியில் விலகிக்கொள்ளவும் செய்யலாம்.

## சட்டம் வந்த பிறகு

செய்தியாளர்கள் கலைந்து செல்லும் இடத்தில்தான் வேலையின் நீண்ட பகுதி தொடங்குகிறது. எழுதப்பட்ட விதி நடைமுறையாக வேண்டுமானால் அதற்குப் பணமும் ஆளும் பயிற்சியும் கண்காணிப்பும் தேவை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2009இல் காவல் துறைக் கிடங்கு ஒன்றில் சோதிக்கப்படாமல் கிடந்த 11,000க்கும் மேற்பட்ட தடயச் சேகரிப்புப் பெட்டிகள் கண்டெடுக்கப்பட்டன. பெட்டிகளைச் சேகரிக்கும் நடைமுறை முறையாக நடந்திருந்தது. அவற்றைச் சோதனைக்கு அனுப்பும் பொறுப்பைத்தான் யாரும் நிறைவேற்றவில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்து இந்திய உச்ச நீதிமன்றம் 1997இல் விசாகா தீர்ப்பில் வகுத்த நெறிமுறைகள் சட்டமாவதற்கு 16 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ அலுவலகங்கள் விசாரணைக் குழு அமைக்காமலேயே காலத்தை ஓட்டின.

இருவிரல் சோதனையின் வரலாறும் 2014ஆம் ஆண்டுப் படிவத்தோடு முடிந்துவிடவில்லை. 2022 அக்டோபர் 31 அன்று, ஜார்க்கண்ட் மாநில வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் மீண்டும் அதே சோதனையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. இனி அதைச் செய்பவர் முறைகேடு புரிந்தவராகக் கருதப்படுவார் என்று கூறிய நீதிபதிகள், வழிகாட்டு நெறிமுறைகள் எல்லா மருத்துவமனைகளையும் சென்றடைய வேண்டும் என்றும், மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும், மருத்துவக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்து இச்சோதனை அதில் இடம்பெறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் ஆணையிட்டார்கள். முதல் தீர்ப்புக்கும் இந்த ஆணைக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன. மருத்துவமனையில் படிவம் மாறியிருந்தாலும், அதை நிரப்புபவர் மாணவராக இருந்தபோது படித்த பாடம் அவரோடு கூடவே அந்த அறைக்குள் வருகிறது.